சைக்கிள் மரியாதை

1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளைப் பலர் அறிவர். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும், பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வேண்டும், பெண்களிடம் முறைதவறி நடத்தல் ஒழியவேண்டும் என்பன அவற்றுட் சில. துரைமாரும் ஆசிய உத்தியோகஸ்தரும் எதிர்ப்படுங்கால் சைக்கிளை விட்டு இறங்காமலே செல்லும் உரிமை வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. வரலாறு எழுதுவோர் இதனை ஒரு வரியிற் சொல்லி அப்பாற் போய்விடுகின்றனர். நாம் அவ்வரியிற் சற்றே நிற்போம்.

கூலி உயர்வுக்கு நியாயம் சொல்வது எளிது. அரிசி விலை இவ்வளவு, ரப்பர் விலை இவ்வளவு என்று கணக்குக் காட்டிவிடலாம். சைக்கிளை விட்டு இறங்குவதால் தொழிலாளிக்கு எத்தனை காசு நட்டம்? ஒரு காசும் இல்லை. அவன் இறங்காது போனால் துரைக்கு என்ன நட்டம்? அதுவும் இல்லை. பின் எதற்காக இவ்வளவு பிடிவாதம்?

"பெரியோரைக் கண்டால் இறங்கி நிற்பது நம் வழக்கந்தானே" என்பாருண்டு. மெய்தான். படிப்பித்த ஆசிரியரைக் கண்டு இறங்குகிறோம். பிணம் போகும் வழியில் இறங்கி நிற்கிறோம். ஆனால் அங்கே இறங்காதவனை எவரும் அடிப்பதில்லை. அவன் வேலைக்கும் உலை வைப்பதில்லை. தவிர்த்தால் தண்டனை வரும் என்னும்போது அதனை மரியாதை என்றழைப்பது சொல்லுக்கே இழுக்கு. மனிதனை வெறுங் கருவியாக மாத்திரம் நடத்தலாகாது என்று ஜெர்மானிய ஞானி காண்ட் 1785-இல் வெளியிட்ட நூலில் வாதித்தார். அவருக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்திய அரிஸ்டாட்டிலோ, இயற்கையிலேயே அடிமையாகப் பிறந்தோர் சிலர் உளர் என்றார். நம் தோட்டத்துப் பழைய சட்டம் இவ்விருவரில் யாரைப் பின்பற்றியது என்று சொல்லவேண்டுவதில்லை.

அத்துரைமாரின் தாய்நாட்டிலேயே இவ்வழக்கு ஒருமுறை நடந்தது. பதினேழாம் நூற்றாண்டில் ஜார்ஜ் பாக்ஸ் என்பவர் தோற்றுவித்த குவேக்கர் கூட்டத்தார், கடவுள் ஒருவருக்கன்றி எவருக்கும் தொப்பி கழற்றோம் என்றனர். 1670-இல் வில்லியம் பென், வில்லியம் மீட் என்ற இருவர் லண்டன் நீதிமன்றத்திற்கு வந்தபோது அவர்கள் தலையிலே தொப்பியில்லை. மன்றத்தார் தொப்பியை வைக்கச் சொல்லி, வைத்த பின்னர், "நீதிபதிமுன் தொப்பியணிந்தனர்" என்று அபராதமும் விதித்தனர்! இத்தகைய வேடிக்கை நீதியை நம் தோட்டங்களில் மட்டுமே காணலாம் என்றிருந்தேன்.

இனிச் சமயங்களைக் கேட்போம். தொலைவு செல்லவேண்டாம், பிரிக்பீல்ட்ஸ் ஒன்றே போதும். 1894-இல் சிங்களர் சங்கம் அமைத்து நிறுவிய பௌத்த விகாரை, யாழ்ப்பாணத்தார் எழுப்பிய கந்தசுவாமி கோவில், செபமாலை மாதா ஆலயம், தமிழ் முஸ்லிம்களின் தொழுகைக்கூடம் யாவும் நடந்தே சுற்றிவரும் தொலைவில் உள்ளன. பிறப்பால் எவனும் உயர்ந்தவனல்லன், தாழ்ந்தவனல்லன் என்றார் புத்தர். தொழுகை வரிசையில் செல்வனும் ஏழையும் தோளோடு தோள் நிற்கின்றனர். நல்லுடை அணிந்தவனுக்கு முதலிடமும் கந்தையணிந்தவனுக்குக் கடையிடமும் கொடுப்பதைக் கிறித்தவரின் யாக்கோபு நிருபம் கண்டிக்கிறது. பல்லவ மன்னன் ஆள்விட்டு அழைத்தும் போக மறுத்த திருநாவுக்கரசரைச் சைவர் கைகூப்புகின்றனர். ஆயின் கைகூப்பிவிட்டு வெளியே வந்ததும் நாம் செய்தது என்ன?

ஈண்டே கசப்பான பகுதி வருகிறது. இவ்வழக்கத்தைத் துரைமார் புதிதாகக் கற்பிக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. மேல்சாதியார் தெருவில் செருப்பைக் கையிலெடுத்துத் தோள்துண்டை இடுப்பிற் கட்டி நடக்குமாறு நம் கிராமங்களே பலரைப் பழக்கி அனுப்பியிருந்தன. திருவிதாங்கூரில் அய்யன்காளி என்னும் வீரர் 1893-இல் வில்வண்டியேறிப் பொதுச்சாலையிற் சென்றதற்கு வாங்கிய அடி எவருடைய அடி? ஆங்கிலேயர் அடித்ததன்று. வைக்கத்தில் 1924-இல் கோவிலைச் சுற்றிய வீதியில் நடப்பதற்கே சத்தியாக்கிரகம் வேண்டியிருந்தது. கிள்ளான் தொழிலாளியின் சைக்கிள் அய்யன்காளியின் வில்வண்டிக்குத் தம்பி முறை என்றால் மிகையாகாது.

கோரிக்கையில் "ஆசிய உத்தியோகஸ்தர்" என்றிருப்பதையும் கவனிக்கவேண்டும். அவர் யாவர்? ஆங்கிலப் பள்ளியிற் படித்து ஆபீசில் அமர்ந்த தமிழ், மலையாள, யாழ்ப்பாணத்துக் கிராணிமார். ஷேக்ஸ்பியரையும் பைபிளையும் ஒப்புவித்தவர்கள் லயத்து மனிதன் சைக்கிளில் அமர்ந்தபடி தம்மைக் கடந்து போவதைப் பொறுக்கவில்லை. நானும் அந்த நாற்காலியில் அமர்ந்து சம்பளக் கணக்கு எழுதுகிறவனே. ஆகவே அச்சொல்லை என்னால் விரைந்து கடக்க இயலவில்லை. துரையின் இறுமாப்புக்கு ஆட்சியதிகாரம் ஒரு காரணம். கிராணியின் இறுமாப்புக்கு என்ன காரணம்? தனக்கு மேலே உள்ளவனிடம் குனிந்த முதுகின் வலியைக் கீழே உள்ளவனிடம் தீர்த்துக்கொண்டான் என்பதே என் எண்ணம்.

வேலை நிறுத்தத்தின் முடிவு சுருக்கமானது. தலைமை தாங்கிய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன், "தமிழ் நேசன்" பத்திரிகையிற் பணிபுரிந்தவர், மே மாதத்திற் கைது செய்யப்பட்டுப் பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் தொழிலாளர் திரண்டனர். மே 16-இல் சிலாங்கூரில் அவசரநிலை பிறந்தது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் துறந்தனர். எஞ்சியோர் பால்மரத்துக்குத் திரும்பினர்.

அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை வடக்கே இறங்கிற்று. படைவீரர் பல்லாயிரவர் சைக்கிளிலேயே தெற்கு நோக்கி வந்தனர். 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. அதன்பின் சாலைக் காவலில் நின்ற ஜப்பானியச் சிப்பாயின் முன் தொழிலாளி, கிராணி என்ற வேறுபாடின்றி யாவரும் தலைகுனிந்து வணங்கவேண்டியதாயிற்று. வணங்காதவன் கன்னத்தில் அறை விழுந்தது. சிறைமுகாம்களில் அடைபட்ட துரைமாரும் அவ்வாறே வணங்கினர்.