சட்டத்துக்கு வெளியே: நவம்பர் 25இன் படங்கள்

மலேசியத் தமிழர்களின் அண்மைக்கால வரலாற்றுக்கு ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பலரும் எதைக் காட்டுவார்கள் என்பது தெரிந்ததுதான். ஈரமான தார்ச்சாலை. அதில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கூட்டத்தின் நடுவே காந்தி படம் உயர்ந்து நிற்கிறது. எதிரே கலகத் தடுப்புப் போலீசின் சிவப்பு லாரி. அதிலிருந்து பீய்ச்சி அடிக்கும் தண்ணீர் பட்ட இடமெல்லாம் எரிகிறது, அரிக்கிறது, ஏனென்றால் அதில் ரசாயனம் கலந்திருக்கிறது. இந்தக் காட்சியைப் பல கோணங்களில் பலர் எடுத்தார்கள். நம் நினைவில் அவை எல்லாம் ஒரே படமாக ஒட்டிக்கொண்டுவிட்டன. எடுத்தவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்றும் கேட்பதில்லை.

2007 நவம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை. கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில் இருந்த பிரிட்டிஷ் தூதரகத்தில் ஒரு மனுவைக் கொடுக்க ஹிண்ட்ராஃப் அமைப்பு அழைத்திருந்தது. தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களைக் கொண்டுவந்த பிரிட்டன், 1957இல் கிளம்பும்போது அவர்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் விட்டுப்போனது என்று லண்டனில் ஒரு வழக்கு தொடுக்கப்பட்டிருந்தது. கேட்ட இழப்பீடு 4 டிரில்லியன் அமெரிக்க டாலர். அந்த வழக்கை நடத்த ஏழைகளுக்கு ஒரு வழக்கறிஞரை நியமித்துத் தரும்படி எலிசபெத் ராணியைக் கேட்பதுதான் மனு. பேரணிக்கு நீதிமன்றத் தடை இருந்தது. முந்தின இரவே பத்துமலையில் கூடியவர்கள்மேல் விடியும் முன் கோயில் வளாகத்துக்குள்ளேயே கண்ணீர்ப்புகை பாய்ந்தது. பிறகு இரட்டைக் கோபுரத்தைச் சுற்றிய சாலைகளில் காலை முழுக்க அடியும் ஓட்டமுமாக இருந்தது. வந்தவர்கள் 10,000 என்பவர்களும் உண்டு, 30,000 என்பவர்களும் உண்டு.

அந்தத் தண்ணீர்ப் படத்தைப் பார்க்கும் எவருக்கும் இன்னொரு படம் நினைவுக்கு வரும். 1963 மே மாதம், அமெரிக்காவின் பர்மிங்ஹாம் நகரம். தீயணைப்புக் குழாயின் வேகத்தில் சுவரோடு சுவராக நசுங்கி நிற்கும் கறுப்பின இளைஞர்களைச் சார்லஸ் மூர் எடுத்தார். 'லைஃப்' இதழில் வந்த அந்தப் படங்கள் அமெரிக்க வெள்ளையரின் மனசாட்சியை உலுக்கின என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். மார்ட்டின் பெர்கர் என்ற கலை வரலாற்றாசிரியர் 2011இல் வெளியிட்ட 'சீயிங் த்ரூ ரேஸ்' நூலில் இதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பார்க்கிறார். வெள்ளைப் பத்திரிகைகள் எந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தன? கறுப்பர்கள் அடிவாங்கும் படங்களை. திட்டமிட்டு, கூடிப் பேசி, எதிர்த்து நின்ற கறுப்பர்களின் படங்கள் பின்னால் தள்ளப்பட்டன. பாவப்படுவது எளிது, பங்கு கொடுப்பது கஷ்டம் என்பதால் பாவப்பட வைக்கும் படமே புகழ் பெற்றது என்பது அவர் வாதத்தின் சாரம்.

நமக்கு இது பாதிதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். அந்தக் காந்தி படம் தானாக அங்கே வந்து நிற்கவில்லை. யாரோ அதைச் சுவரிலிருந்து கழற்றியோ கடையில் வாங்கியோ தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ராணியின் படத்தைத் தூக்கிவந்தவர்களும் இருந்தார்கள். மலாயாவுக்கு வந்தே இராத ஒரு கிழவரையும், நாட்டை விட்டுப்போன பேரரசின் ராணியையும் கேமராவுக்கு முன் பிடித்துக் காட்டியவர்கள் வெறும் அடிவாங்கிகள் அல்லர். தங்களை எப்படிப் படம் எடுக்க வேண்டும் என்று எடுப்பவனுக்கே அவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். நாங்கள் கலகக்காரர்கள் இல்லை, கணக்குக் கேட்க வந்தவர்கள். அதைத்தான் அந்தச் சட்டமிட்ட படம் சொன்னது.

ஆனால் கணக்கு என்ன என்பது படத்தில் இல்லை. இங்கே பெர்கர் சொல்வது சரி. தண்ணீரையும் காந்தியையும் பார்க்கிற ஒருவருக்கு, அதற்குச் சில வாரங்களுக்கு முன் தீபாவளி நெருங்கும் நேரத்தில் ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டது தெரியாது. தோட்டக் கோயில்கள் ஏன் 'சட்டவிரோதக் கட்டடங்கள்' ஆயின என்பதும் தெரியாது. கோயிலைக் கட்டியவனுக்கு அந்த மண் ஒருநாளும் சொந்தமாக இருந்ததில்லை. தோட்டம் விற்கப்பட்டபோது வேலை, வீடு, பள்ளிக்கூடம், சாமி எல்லாம் ஒரே நாளில் அடுத்தவன் நிலத்தில் நிற்பவை ஆகிவிட்டன. புக்கிட் மெர்தாஜாமைச் சுற்றி இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்கள்தாம் 19ஆம் நூற்றாண்டிலேயே ஒப்பந்தத் தமிழர்களை இறக்கிய இடங்களில் முந்தியவை. கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பிறகு தாமான்களும் தொழிற்சாலைகளும் வந்தன. இன்று நெடுஞ்சாலையில் ஜூருவைத் தாண்டிப் போகிறவனுக்கு அங்கே ஒரு லயம் இருந்திருக்கும் என்றே தோன்றாது.

சரி, அதற்கு முன் நாம் கேமராவுக்கு முன்னால் எப்படி நின்றோம்? 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிங்கப்பூரின் லம்பெர்ட் ஸ்டூடியோ போன்றவை தமிழர்களை 'வகைமாதிரி' ஆக்கி எடுத்தன. தபால் அட்டையில் நகையணிந்த பெண், வெற்றுடம்போடு ஆண், கீழே 'க்ளிங்' என்று ஒரு சொல். பெயர் இல்லை, ஊர் இல்லை. அந்தச் சொல்லை இன்னும் வசவாகக் கேட்கிறோம்.

அடுத்தது 1948. அவசரகாலம். பன்னிரண்டு வயதைத் தாண்டிய எல்லாருக்கும் படம் ஒட்டிய அடையாள அட்டை கட்டாயமானது. தோட்டத்தில் எத்தனையோ பேருக்கு வாழ்நாளில் எடுத்த முதல் படம் அதுவாகத்தான் இருந்திருக்கும். அரசாங்கம் கண்காணிக்க எடுத்த படம். அதன் பிள்ளையும் பேரப்பிள்ளையும்தான் 'சிவப்பு ஐ.சி.' பிரச்சினை. இங்கேயே பிறந்து, இங்கேயே பால் வெட்டி, கடைசிவரை குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியாகச் செத்துப்போன தாத்தா பாட்டிகள் நம் பல குடும்பங்களில் உண்டு. அவர்களுடைய படம் அந்த அட்டையில் மட்டும் இருக்கும்.

இவ்விரண்டுக்கும் நடுவில் நடந்த ஒன்றுக்கு என் கண்ணில் படமே பட்டதில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, பெண்களிடம் அத்துமீறலை நிறுத்துவது, கள்ளுக்கடைகளை மூடுவது எல்லாம் கோரிக்கைகள். அவற்றில் ஒன்றைப் படிக்கும்போதெல்லாம் மனம் அங்கேயே நின்றுவிடும்: துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். தலைவர் ஆர்.எச். நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடுகடத்தினார்கள். ராணுவம் வந்தது, துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். துரையைப் பார்த்தும் இறங்காமல் சைக்கிளில் போகிற ஒரு தமிழனின் படம், ஒன்றே ஒன்று கிடைத்திருந்தால் நம் கதையைச் சொல்லும் விதமே வேறாக இருந்திருக்கும்.

2001 மார்ச்சில் கம்போங் மேடானில் நடந்த வன்முறையில் ஆறு பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் இந்தியர்கள். அதைப் பற்றி கா. ஆறுமுகம் தமிழில் எழுதிய 'மார்ச் 8' என்ற நூலை அரசாங்கம் தடை செய்தது. படம் இல்லாத இடத்தில் எழுத்து நின்றது, எழுத்தையும் எடுத்துவிட்டார்கள்.

இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் 2007இன் புதுமை புரியும். அன்று தெருவில் இருந்த தமிழர்கள் பலர் கையில் கேமரா இருந்தது. தரம் ரொம்ப மோசம். கைப்பேசியில் எடுத்தால் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால் என்ன? நாமே நம்மை எடுத்தோம். நாளிதழ்கள் ஆண்டுதோறும் அச்சு உரிமத்தைப் புதுப்பித்து வாழ வேண்டிய காலம் அது. 'மக்கள் ஓசை' அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு படத்துக்காகவே ஒரு மாதம் முடக்கப்பட்டிருந்தது. ஆகவே இணையமும் வலைப்பூக்களும் 'மலேசியாகினி'யின் காணொளிகளும்தான் செய்தி. எங்கள் பக்கம் சிடி கைமாறியது. நான் அப்போது பள்ளி மாணவன். சிடியில் என்ன இருந்தது என்பதைவிட, அதைப் போடும்போது பெரியவர்கள் சன்னலைச் சாத்தியதுதான் ஞாபகம் இருக்கிறது.

எங்கள் ஊரிலிருந்து போனவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும். ஆல்மா பக்கம் குடியிருக்கும் அண்ணன், பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. போன வருஷம் அவருடைய பழைய மெமரி கார்டைத் திறந்து பார்த்தோம். முதலில் எனக்கு ஏமாற்றம்தான். தண்ணீர் இல்லை, லாரி இல்லை, காந்தி இல்லை. தாப்பா ஓய்வுத்தலத்தில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கும் நாலு பேர். பஸ்ஸில் வாய் பிளந்து தூங்கும் ஒரு தாத்தா. செருப்பு அறுந்துபோய், பிளாஸ்டிக் கயிற்றால் கட்டிக்கொள்ளும் ஓர் அக்கா. பெயர்ப்பலகை தெரியாத ஒரு கடையின் ஐந்தடி வழியில் ஈரச்சட்டையைப் பிழிந்துகொண்டே சிரிக்கும் இரண்டு பையன்கள்.

"தண்ணி அடிக்கிறப்ப எடுக்கலையா அண்ணே?"

"தண்ணி அடிக்கிறப்ப எவன்டா படம் எடுப்பான்? ஓடத்தான் தோணும். அந்தப் பெரிய படம் ஒண்ணு இருக்குல்ல, அதுல நான் இருக்கேன் தம்பி. முதுகு மட்டும் தெரியும்."

திரும்பத் திரும்பப் பார்த்தபோது இந்தப் படங்கள்தாம் எனக்கு முக்கியமாகப் பட்டன. பத்திரிகைக்காரர் காட்டியது அடி விழுந்த கணம். இவை காட்டுவது, வேலைக்குப் போகிற சாதாரண ஆட்கள் ராத்திரியோடு ராத்திரியாக 350 கிலோமீட்டர் போக முடிவு செய்ததை. அமெரிக்காவில் மாணவர் இயக்கத்துக்காகவே படம் எடுத்த டேனி லயன் போன்ற ஒருவர் நமக்கு அன்று வாய்க்கவில்லை. கூட்டத்துக்கு உள்ளேயிருந்து, கூட்டத்துக்கு முன்னும் பின்னும் எடுப்பவர். அந்த வேலையை இந்த அண்ணன் மாதிரி ஆட்கள் தெரியாமலே செய்திருக்கிறார்கள்.

கார்டில் இருந்தவை இருபத்து மூன்று படங்கள். எடுத்தவை நூற்றுக்கு மேல் என்றார். மற்றவற்றை அழித்ததும் அவரேதான். பத்துமலைச் சம்பவத்துக்காக 31 பேர்மேல் கொலைமுயற்சிக் குற்றம் சாட்டப்பட்டது. அது பின்னால் மீட்டுக்கொள்ளப்பட்டாலும், சாட்டியபோது நாடெங்கும் வயிறு கலங்கியது. டிசம்பர் 13 அன்று பி. உதயகுமார், எம். மனோகரன், ஆர். கெங்காதரன், வி. கணபதிராவ், டி. வசந்தகுமார் ஆகிய ஐந்து பேரும் விசாரணையின்றி இசா சட்டத்தில் கமுந்திங் முகாமுக்குப் போனார்கள். அன்றிரவு அண்ணன் மனைவி சொன்னாராம்: "மூஞ்சி தெரியிற படமெல்லாம் அழிச்சிடுங்க." உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்திருக்கிறார். தப்பு என்று யார் சொல்ல முடியும்? சாட்சியாகும் படமே சாட்டையும் ஆகும். எத்தனை வீடுகளில் அந்த இரவு இப்படிப் போயிற்றோ. நம் போராட்டத்தின் மிகப் பெரிய ஆவணக்காப்பகம் டிசம்பர் 2007இல் விரல்நுனியில் காணாமல் போனது என்றுதான் நான் எண்ணிக்கொள்கிறேன்.

2008 மார்ச் 8 தேர்தல் கதை எல்லாருக்கும் தெரியும். தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது, பினாங்கு கைமாறியது, சிறைக்குள் இருந்தே மனோகரன் கோத்தா ஆலம் ஷாவில் ஜெயித்தார், பேராசிரியர் பி. இராமசாமி துணை முதல்வரானார். இந்த வெற்றிக்குத்தான் தண்ணீர்ப் படம் முன்னுரையாக மாட்டப்படுகிறது. நல்லது. ஆனால் அடுத்த ஆண்டே, ஜார்ஜ்டவுனை அடுத்த குளுகோரில், மாடு வளர்த்த தமிழர்களின் கம்போங் புவா பாலா இடிக்கப்பட்டது. மாடுகள் மேய்ந்ததால் 'ஹை சப்பாரல்' என்று அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் பெயர் வைத்துச் செல்லமாகக் கூப்பிட்ட கிராமம். நிலத்தை விற்க ஒப்புதல் தந்தது முந்தைய ஆட்சியில், இடித்தது நாம் ஓட்டுப்போட்டுக் கொண்டுவந்த ஆட்சியில். யார்மேல் குற்றம் என்ற சண்டை அப்போதே போதுமான அளவு நடந்துவிட்டது. நான் கவனித்தது வேறு. நவம்பர் 25 படம் ஆண்டுதோறும் பகிரப்படுகிறது. புவா பாலாவின் மண் அள்ளும் எந்திரமும் அழும் பெண்களும் அப்படிப் பகிரப்படுவதில்லை. அதில் எதிரி யார் என்று ஒரே பார்வையில் தெரியாதே. சிவப்பு லாரி இல்லையே.

அண்ணனிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, பஸ்ஸில் வந்தவர்கள் பெயரை எழுதச் சொன்னேன். நாற்பத்து நாலு சீட்டு. இருபத்தாறு பெயர் வந்தது. ஆறு பேர் இறந்துவிட்டார்கள் என்று பக்கத்தில் குறித்தார். மீதிக்கு 'மச்சாங் பூபோக் அக்கா', 'பெரிய மீசை', 'சிரிச்சிக்கிட்டே இருந்த பையன்' என்று எழுதியிருக்கிறார். மச்சாங் பூபோக் அக்காதான் செருப்பைக் கயிற்றால் கட்டியவர். அவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.