வெளிப்பொருத்து இயந்திரத்தின் தரைச் சோதனை

வெளிப்பொருத்து இயந்திரம் என்பது படகின் பின்பலகையில் வெளிப்புறமாகப் பொருத்தப்படும் உந்து இயந்திரம் ஆகும். இலங்கையில் இது வெளியிணைப்பு இயந்திரம் எனப்படுகிறது. பேச்சு வழக்கில் அவுட்போர்டு மோட்டார் என்பர். பயன்படுத்தப்பட்ட இயந்திரம் ஒன்றை விலைக்கு வாங்கும் முன்போ, நெடுநாள் இயக்காமல் வைத்திருந்ததை மீண்டும் பயன்படுத்தும் முன்போ அதைக் கரையிலேயே இயக்கிப் பார்ப்பது தரைச் சோதனை ஆகும். இச்சோதனையில் குளிர்விக்கும் நீரைத் தனியாக வழங்க வேண்டும். நீரின்றி இயக்கினால், பழுதைக் கண்டறியச் செய்யும் சோதனையே பழுதை உண்டாக்கிவிடும்.

குளிர்விப்பு முறை

பெரும்பாலான வெளிப்பொருத்து இயந்திரங்களில், மகிழுந்தில் உள்ளது போன்ற ரேடியேட்டர் இல்லை. படகு மிதக்கும் நீரே இயந்திரத்தைக் குளிர்விக்கிறது. இயந்திரத்தின் கீழ்ப்பகுதியில் உள்ள துளைகள் வழியாக நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. அங்குள்ள நீரேற்றியில் ரப்பர் இதழ்கள் கொண்ட சுழலி ஒன்று உள்ளது. இயந்திரம் ஓடும்போதெல்லாம், கியர் நடுநிலையில் இருந்தாலும், இச்சுழலி சுழன்று நீரை உருளைகளைச் (சிலிண்டர்) சுற்றியுள்ள வழிகளுக்குச் செலுத்துகிறது. சூடேறிய நீரின் பெரும்பகுதி கீழ்ப்பகுதி வழியாக வெளியேறுகிறது. சிறு பகுதி மட்டும் இயந்திர மூடிக்குக் கீழுள்ள துளையிலிருந்து மெல்லிய தாரையாகப் பீச்சுகிறது. நீரோட்டம் நடைபெறுவதற்கு இத்தாரையே அடையாளம் ஆகும்.

சுழலிக்கு உயவுப்பொருளாகவும் நீரே பயன்படுகிறது. நீர் இல்லாதபோது ரப்பர் இதழ்கள் நீரேற்றியின் சுவரில் உராய்ந்து சூடேறி, ஒரு நிமிடத்திற்குள்ளாகவே சேதமடையக்கூடும். பிய்ந்த துண்டுகள் நீர்வழிகளை அடைத்துக்கொள்ளும். இச்சேதம் கரையில் தெரியாமல் போகலாம். படகு கடலில் செல்லும்போது இயந்திரம் மிகையாகச் சூடேறி, பிஸ்டன் உருளையோடு இறுகி நின்றுவிட வாய்ப்புண்டு.

ஹோண்டா பி.எஃப். 2.3 போன்ற சில சிறிய இயந்திரங்கள் காற்றால் குளிர்விக்கப்படுபவை. அவற்றில் இத்தகைய நீரேற்றி இல்லை.

நீர் வழங்கும் முறைகள்

காதுமூடி முறை: இரு ரப்பர் கிண்ணங்களைக் கொண்ட கவ்வி, நீர் உள்ளிழுக்கும் துளைகளின் மேல் இருபுறமும் பொருத்தப்படுகிறது. இதனுடன் தோட்டக் குழாய் இணைக்கப்படும். இயந்திரத்தை இயக்குவதற்கு முன் நீரைத் திறந்து, நிறுத்திய பின்னரே மூட வேண்டும். குழாய் நீரின் அழுத்தமே நீரை மேலே தள்ளக்கூடும் என்பதால், வலுவிழந்த நீரேற்றியை இம்முறை சில வேளைகளில் மறைத்துவிடும்.

பீப்பாய் முறை: இயந்திரத்தின் கீழ்ப்பகுதி நீர் நிறைந்த பெரிய பீப்பாயில் அமிழ்த்தப்படுகிறது. உள்ளிழுக்கும் துளைகள் நன்கு மூழ்கும் அளவுக்கு நீர் இருத்தல் வேண்டும். நீரேற்றி தானே நீரை இழுக்க வேண்டியிருப்பதால், அதன் நிலையை அறிய இம்முறை ஏற்றது. பீப்பாய் நீர் விரைவில் சூடேறுவதால் அதை மாற்ற வேண்டும்.

சில இயந்திரங்களில் உப்பைக் கழுவுவதற்கெனத் தனிக் குழாய் இணைப்பு உள்ளது. பல வகைகளில் இது இயந்திரம் நின்றிருக்கும்போது மட்டும் பயன்படுத்தத்தக்கது. எனவே தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்தல் நலம்.

இயக்கும் முன் பார்க்க வேண்டியவை

- இயந்திரம் குளிர்ந்த நிலையில் இருத்தல் வேண்டும். முன்னரே சூடேற்றப்பட்ட இயந்திரத்தில், குளிர்ந்த நிலையில் தொடங்குவதிலுள்ள குறை தெரியாது.
- கியர் எண்ணெய் பால் நிறத்தில் இருந்தால் அதில் நீர் கலந்துள்ளது. அடைப்பு வளையம் பழுதடைந்திருப்பதை இது காட்டும். எண்ணெயில் உலோகத் துணுக்குகள் இருப்பது பல்சக்கரத் தேய்வின் அறிகுறி ஆகும்.
- ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வோர் உருளையின் அமுக்கத்தையும் அளக்க வேண்டும். தனி அளவைவிட உருளைகளுக்கு இடையிலான வேறுபாடே முக்கியம். அது பொதுவாக 10 விழுக்காட்டிற்குள் இருத்தல் வேண்டும்.
- இருவீச்சு இயந்திரங்களில் பெட்ரோலுடன் எண்ணெய் கலக்கப்பட வேண்டும். பல வகைகளுக்கு 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் என்பது விகிதம். பழைய வகைகளுக்கு எண்ணெய் கூடுதலாகத் தேவைப்படலாம்.

இயக்கும் முறை

1. இயந்திரத்தை உறுதியான தாங்கியில் செங்குத்தாகப் பொருத்தி, சுழல்விசிறியைக் கழற்றிவிட வேண்டும்.
2. அவசர நிறுத்தக் கயிறு வேலை செய்கிறதா எனச் சோதிக்க வேண்டும்.
3. நீரைத் திறந்து, கியரை நடுநிலையில் வைத்து இயந்திரத்தைத் தொடங்க வேண்டும்.
4. அடையாளத் தாரை சிறிது நேரத்தில் வெளிப்பட வேண்டும். வராவிட்டால் உடனே நிறுத்த வேண்டும். துளையில் சேறோ பூச்சிக் கூடோ அடைத்திருந்தால் மெல்லிய கம்பியால் நீக்கலாம். அதன் பின்னும் வராவிட்டால் நீரேற்றியைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.
5. குறைந்த வேகத்தில் சில நிமிடங்கள் மட்டும் இயக்க வேண்டும். நீரின் தடை இல்லாத நிலையில் வேகத்தைக் கூட்டினால், சுழற்சி வரம்பை மீறி உட்பாகங்கள் சேதமடையும்.

புகையில் நஞ்சான கார்பன் மோனாக்சைடு உள்ளதால் மூடிய அறையில் இச்சோதனையைச் செய்யக்கூடாது. ஓடும் இயந்திரத்தின் சக்கரத்திலிருந்தும் மின்பொறிக் கம்பிகளிலிருந்தும் கையையும் தளர்ந்த ஆடையையும் விலக்கி வைக்க வேண்டும்.

வரம்புகள்

இயந்திரம் தொடங்குகிறதா, எல்லா உருளைகளிலும் எரிதல் நிகழ்கிறதா, நீரோட்டம் உள்ளதா என்பவற்றையே தரைச் சோதனை காட்டும். சுமையோடு முழு வேகத்தை எட்டுமா, அவ்வேகத்தில் சூடேறாமல் இருக்குமா, சுமையின் கீழ் கியர் நழுவுமா என்பவற்றை அறிய இயலாது. சுழல்விசிறியின் நடுவிலுள்ள ரப்பர் பிடிப்பு வழுக்குவதும் கரையில் தெரியாது. ஆகவே தரைச் சோதனையில் தேறிய இயந்திரத்தையும், கரைக்கு அருகில் துடுப்புடன் சென்று நீரில் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பின்னரே தொலைதூரப் பயணத்திற்குப் பயன்படுத்துதல் பாதுகாப்பானது.