நல்லூர் இராசதானியும் இரண்டு வைத்திய நூல்களும்

யாழ்ப்பாண அரசர்கள் என்றதும் நம்மிற் பலருக்கு நினைவு வருவது 1619 என்ற ஆண்டும் சங்கிலியன் என்ற பெயரும்தான். அரசு வீழ்ந்த நாளை மனனஞ் செய்த நாம், அதற்கு முன்பிருந்த முந்நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளை அவ்வளவாகக் கவனித்ததில்லை. கல்லூரி அன்னையின் நூற்றாண்டைக் கொண்டாடும் இவ்வேளையில் அக்காலத்தைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது பொருத்தமானது.

இவ்வரசர்கள் ஆரியச்சக்கரவர்த்திகள் எனப்பட்டனர். அவர்கள் முன்னோர் இராமேஸ்வரக் கரையோடு தொடர்புடையவர்கள்; பாண்டியரிடம் சேவை செய்தவர்கள். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆரியச்சக்கரவர்த்தி என்னும் பாண்டியப் படைத்தலைவன் யாப்பகூவாவைத் தாக்கிப் புத்தரின் தந்ததாதுவைக் கொண்டு சென்றதாகச் சூளவம்சம் கூறுகின்றது. பாண்டியர் வலி குன்றியபின் இக்குலத்தவர் இங்கே தனியரசாயினர். செகராசசேகரன், பரராசசேகரன் என்ற சிம்மாசனப் பெயர்களை மாறி மாறிச் சூடினர். தம் நாணயங்களில் நந்தியையும் ‘சேது’ என்ற சொல்லையும் பொறித்தனர். கடலுக்கு அப்பாலுள்ள தம் தொடர்பை அவர்கள் மறைக்கவில்லை. காசிலேயே எழுதி வைத்தார்கள்.

அவர்களின் பலமும் கடல்தான். 1344இல் புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்த மொறோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, அம்மன்னன் பாரசீக மொழியை விளங்கிக்கொண்டான் என்றும், தன் முத்துக்களைக் காட்டினான் என்றும் எழுதியுள்ளார். அவனுடைய கப்பல்கள் நூறு, சிறிதும் பெரிதுமாகச் சோழமண்டலக் கரையில் நின்றதைத் தாம் கண்டதாகவும் குறிப்பிடுகிறார். சிவனொளிபாத மலைக்குச் செல்ல அவருக்குப் பல்லக்கும் துணையாட்களும் கொடுத்தவனும் அம்மன்னனே.

கடல்வழி வந்தோர் ஊரவராவது உலகில் வேறிடங்களிலும் நடந்ததுதான். அயர்லாந்தின் டப்ளினில் 841இல் பாசறை அமைத்த நோர்ஸ் கடலோடிகள் அங்கே ஒரு நகர அரசை உருவாக்கினர். அயர்லாந்தின் முதல் நாணயங்களை 997ஆம் ஆண்டளவில் வெளியிட்டவன் அவர்களின் அரசனான சித்ரிக். காலப்போக்கில் அவர்கள் அந்நாட்டவரோடு மணவுறவு கொண்டு, அவர்கள் சமயத்தைத் தழுவி, அவ்வூர் மக்களாகவே ஆயினர். நம் அரசர்களோ மொழியாலும் சமயத்தாலும் இம்மக்களுக்கு நெருங்கியவர்களாகவே வந்தார்கள். ஊரோடு ஒன்றாவது அவர்களுக்கு இன்னும் எளிதாயிற்று.

வைத்தியத் தொழிலில் இருக்கும் என்னை மிகவும் கவர்வது அவர்கள் பெயரால் வழங்கும் இரண்டு நூல்கள். செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய இரண்டும் சித்த வைத்திய நூல்கள். பரராசசேகரம் தலையில் வரும் நோய், கருவுற்ற பெண்களின் நோய், பாலரின் நோய் எனப் பிரித்து, குறிகளையும் மருந்துகளையும் செய்யுளிற் சொல்கின்றது. நோயை இன்னதெனத் தெளிந்தபின்னரே மருந்து என்ற ஒழுங்கு அதில் உண்டு. நாமும் மருத்துவ பீடத்தில் அதே ஒழுங்கைத்தான் கற்றோம்.

அரச குடும்பத்திலேயே ஒரு வைத்தியன் இருந்ததாக மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை சொல்கின்றது. பரராசசேகரனின் மகன் பரநிருபசிங்கன் கண்டி அரசனின் தேவிக்கு உண்டான வயிற்றுநோயைத் தீர்க்கச் சென்றான். அவன் திரும்புமுன் சங்கிலி ஆட்சியைக் கைப்பற்றிக்கொண்டான் என்பது அந்நூலின் கதை. நோயாளியைப் பார்க்கப் போனவன் அரசை இழந்தான்!

சங்கிலியின் காலத்திலேயே போர்த்துக்கேயரின் தாக்குதல் தொடங்கிவிட்டது. 1560இல் அவர்கள் நல்லூரைத் தாக்கினர். 1591இல் அரசனைக் கொன்று எதிர்மன்னசிங்கத்தை அரியணையில் அமர்த்தினர். 1619இல் ஒலிவேறா நாட்டைப் பிடித்தபோது, அதே பெயர் கொண்ட கடைசி மன்னன் இரண்டாம் சங்கிலி சிறைப்பட்டு, கோவாவிற் கொல்லப்பட்டான். 1621இல் நல்லூர்ப் பெருங்கோயில் இடிக்கப்பட்டது.

இன்று நல்லூரில் எஞ்சியவை சிலவே: ‘ப’ வடிவ யமுனா ஏரி, சங்கிலித்தோப்பு என்னும் நிலம், பண்டாரக்குளம் என்னும் பெயர். அங்கே நிற்கும் வளைவும் மந்திரிமனையும் கட்டட அமைப்பிற் பிந்திய காலத்தவை. இராசதானியின் நான்கு திசைகளிலும் காவலாக அமைந்தவை என்று சொல்லப்படும் வெயிலுகந்த பிள்ளையார், கைலாசப் பிள்ளையார், வீரமாகாளி அம்மன், சட்டநாதர் கோயில்களில் இன்றும் மணி ஒலிக்கின்றது.

அரண்மனை போயிற்று, நூல்கள் போகவில்லை. காரணம், அவை அரண்மனையில் மட்டும் இருக்கவில்லை. வைத்தியக் குடும்பங்கள் அவற்றை ஏட்டில் எழுதி எழுதிக் காத்தன. 20ஆம் நூற்றாண்டில் ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை அவற்றைத் தேடி அச்சேற்றினார். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களோடு ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. ஒரே இடத்தில் இருந்தது ஒரே இரவில் அழிந்தது. பல வீடுகளில் இருந்தது பிழைத்தது.

ஆகவே, உலகெங்கும் வாழும் என் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திருத்தும்போதோ விற்கும்போதோ, அம்மம்மாவின் பெட்டகத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். பழைய ஏடோ, கையெழுத்துக் கொப்பியோ, உறுதியோ இருந்தால் குப்பையோடு எரிக்க விடாதீர்கள். பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுங்கள். கொடுக்க மனமில்லையேல் நூலக நிறுவனத்தாரிடம் காட்டி மின்பிரதி எடுப்பியுங்கள். அரசர்களின் பெயரை நானூறு ஆண்டுகள் காத்தவை அத்தகைய பெட்டகங்களே.