வலது காது ஏன் ஊமையாச்சு? ஒரு பிளக்கின் கதை

பேட்டி எடுக்கப் போறவங்க, கிராமத்துப் பாட்டைப் பதிவு பண்றவங்க, கோயில் கச்சேரியை ரெக்கார்டர்ல அள்ளிக்கிட்டு வர்றவங்க... இவங்க எல்லார்கிட்ட இருந்தும் எனக்கு வர்ற கேள்வி ரெண்டே ரெண்டுதான். "இடது காதுல மட்டும் கேக்குது, வலது காதுல ஒண்ணுமே இல்ல"ங்கிறது ஒண்ணு. "ஹெட்போன்ல கேக்குது, செல்போன் ஸ்பீக்கர்ல போட்டா குரலே காணோம்"ங்கிறது இன்னொண்ணு. முதல் ஆசாமி ரெக்கார்டர் அவுட்டுன்னு கடைக்கு ஓடுவார். ரெண்டாவது ஆசாமி பேயடிச்ச மாதிரி உக்காந்திருப்பார். பெரும்பாலும் ரெண்டு பேர் ரெக்கார்டரும் நல்லாத்தான் இருக்கும். வில்லன் வேற. அவருக்கு நூறு வயசுக்கு மேல ஆச்சு.

1870களின் கடைசியில அமெரிக்காவுல டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள் வந்தப்போ, ஒரு லைனை இன்னொரு லைனோட கையால இணைக்க ஒரு பிளக் தேவைப்பட்டுச்சு. கால் அங்குலத் தடிமன், முனையில ஒரு குமிழ். நம்ம ஊர்ல ட்ரங்க் கால் புக் பண்ணிட்டுக் காத்திருந்த காலத்துல, அந்தப் பக்கம் ஆபரேட்டர் அம்மா செருகினதும் இதே குடும்பம்தான். போர்டில் இருந்த பிளக்குக்கு மூணு பாகம்: முனை, நடுவுல ஒரு வளையம், அடியில உறை. டிப், ரிங், ஸ்லீவ்னு மெக்கானிக்குங்க சொல்றது அதைத்தான். முனையும் வளையமும் சேர்ந்து *ஒரே* பேச்சைச் சுமக்கிற ரெண்டு கம்பி. இதை மட்டும் ஞாபகத்துல வெச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

அப்புறம் ஸ்டீரியோ ஹெட்போன் காலம் வந்துச்சு. மூணு கம்பிக்கு ஒரு பிளக் வேணும்னப்போ கைக்கு அகப்பட்டது இதே பிளக்தான். இப்போ முனை இடது காது, வளையம் வலது காது. அதாவது ரெண்டு *வேற வேற* சத்தம். உருவம் மாறல, அர்த்தம் மாறிடுச்சு. இதையே 3.5 மில்லிமீட்டருக்குச் சுருக்கி, 1979ல வந்த சோனி வாக்மேன் உலகம் பூரா பரப்பிடுச்சு.

இந்த இடத்துல கேசட்டைப் பத்திச் சொல்லாம போனா எனக்குத் தூக்கம் வராது. பிலிப்ஸ் கம்பெனி 1963ல பெர்லின் கண்காட்சியில கேசட்டைக் காட்டினப்போ அது மோனோ. ஸ்டீரியோ பின்னாடிதான் வந்துச்சு. அப்போ என்ன பண்ணினாங்க தெரியுமா? மோனோ தடம் 1.5 மில்லிமீட்டர் அகலம். அதே இடத்துக்குள்ள 0.6 மில்லிமீட்டர்ல ரெண்டு தடம், நடுவுல 0.3 இடைவெளின்னு பக்கத்துப் பக்கத்துல உக்கார வெச்சாங்க. மோனோ ஹெட் ரெண்டு தடத்தையும் சேர்த்துப் படிச்சிடும். மோனோவா பதிஞ்சதை ஸ்டீரியோ செட்டுல போட்டா ரெண்டு காதுலயும் வரும். அந்தக் கால ஸ்பூல் டேப்புல இந்தக் கருணை கிடையாது. நாலு தடத்துல ஒண்ணும் மூணும் ஒரு ஜோடின்னு தாண்டித் தாண்டிப் பதிவாகும். அதைப் பாதி அகல மோனோ ஹெட்டுல போட்டா, அடுத்த பக்கத்துப் பாட்டு தலைகீழா ஓடுறதும் கூடவே கேக்கும்!

டேப்புக்குள்ள இவ்வளவு யோசிச்சவங்க இருந்தாங்க. வெளியில இருந்த மைக் ஓட்டையைப் பத்தி யாரும் அப்படி யோசிக்கல. அதுதான் என் ஆதங்கம்.

முதல் கேள்விக்கு விடை இங்கதான் இருக்கு. மைக் பிளக்கைக் கையில எடுத்துக் கறுப்பு வளையத்தை எண்ணுங்க. ஒண்ணே ஒண்ணு இருந்தா மோனோ பிளக். ஸ்டீரியோ ஓட்டையில செருகினா, வலது பக்கத்துக் கம்பி தொட வேண்டிய இடத்துல நீளமான உறைதான் இருக்கும். வலது சேனல் நேரா எர்த்துக்குப் போயிடும். ஊமை. மெனுவுல மோனோன்னு ஒரு தேர்வு இருந்தா அதைப் போடுங்க, இல்லேன்னா மோனோவை ரெண்டா பிரிக்கிற குட்டி அடாப்டர் வாங்குங்க. ஏற்கனவே பதிஞ்சாச்சா? ஆடாசிட்டியில ஸ்டீரியோவைப் பிரிச்சு, ஊமைத் தடத்தைத் தூக்கிப் போட்டுட்டு நல்லதை மட்டும் மோனோவா சேமிங்க. ரெண்டையும் கலந்து மோனோ ஆக்காதீங்க. வெறுமையோட சேர்ந்து சத்தம் பாதியாயிடும்.

அடுத்து கரண்ட் விஷயம். 1962ல பெல் ஆய்வுக்கூடத்துல ஜேம்ஸ் வெஸ்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் உருவாக்கின எலெக்ட்ரெட் மைக்தான், இன்னிக்கு நாம சட்டையில குத்திக்கிற காலர் மைக்குக்கு மூதாதை. அதுக்குள்ள இருக்கிற சின்ன டிரான்சிஸ்டருக்குக் கொஞ்சம் வோல்ட் வேணும். ரெக்கார்டர்ல 'பிளக்-இன் பவர்' அணைஞ்சிருந்து, மைக்லயும் பேட்டரி இல்லைன்னா ஒண்ணும் வராது. பெரிய கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் ஃபேண்டம் பவர். ஏன் 48? 1966ல நார்வே வானொலிக்காக நோய்மான் கம்பெனி மைக் செஞ்சப்போ, அவங்க ஸ்டுடியோவுல அவசர விளக்குக்காக 48 வோல்ட் சப்ளை ஏற்கனவே இருந்துச்சு. அதையே எடுத்துக்கிட்டாங்க. அவ்ளோதான் ரகசியம்! நார்வேக்காரன் விளக்குக்குப் போட்ட வோல்ட் இன்னிக்கு நம்ம கையடக்க ரெக்கார்டரோட பேட்டரியைத் தின்னுக்கிட்டிருக்கு. :-)

இப்போ காணாமப் போற குரல்.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் தன் ஊர்ப் பாட்டி ஒருத்தரோட நடவுப் பாட்டு, ஒப்பாரி எல்லாம் முக்கால் மணி நேரம் பதிவு பண்ணி வெச்சிருந்தார். நல்ல மேடை மைக். அதோட எக்ஸ்எல்ஆர் ஒயரை 3.5 மில்லிமீட்டரா மாத்துற ஒரு கேபிள். ஹெட்போன்ல ஏதோ தலைக்குப் பின்னாடி இருந்து பாடுற மாதிரி இருந்துச்சாம், பரவாயில்லன்னு விட்டுட்டார். சில மாசத்துல பாட்டி போய்ச் சேர்ந்துட்டாங்க. காரியத்தன்னிக்குப் போட்டுக் காட்டலாம்னு செல்போன்ல போட்டா, வெறும் 'உஸ்ஸ்...'. பாட்டியைக் காணோம். "அழிஞ்சு போச்சு சார்"னு அவர் போன்ல சொன்னப்போ குரலே சரியில்ல.

அழியல. மேல ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, அதுதான் விஷயம். மேடை மைக் பழைய டெலிபோன் வழக்கப்படி ஒரே குரலை ரெண்டு கம்பியில அனுப்பும். ஒண்ணு நேரா, ஒண்ணு தலைகீழா. வாங்குற கருவி ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுக்கும்போது, வழியில ஏறின இரைச்சல் கழிஞ்சு குரல் நிக்கும். ஆனா இந்த ரெக்கார்டரோட ஓட்டை வாக்மேன் வழக்கம். ஒரு கம்பியை இடதுன்னும் மத்ததை வலதுன்னும் எடுத்துக்கிச்சு. ஹெட்போன்ல ரெண்டு காதுக்கும் தனித்தனியா போறதால கேக்கும். ஒத்தை ஸ்பீக்கர் ரெண்டையும் கூட்டும்போது பாட்டியும் தலைகீழ்ப் பாட்டியும் சேர்ந்து பூஜ்யம். மிஞ்சின 'உஸ்' ரெக்கார்டரோட சொந்த இரைச்சல்.

நான் அவர்கிட்ட முதல்ல கேட்டது, "ஒரிஜினல் ஃபைல் இருக்கா?"ன்னுதான். ஏன்னா அவர் மருமகப் பையன் இடம் மிச்சம் பண்றேன்னு எல்லாத்தையும் மோனோவா மாத்தி வெச்சிருந்தான். அந்த ஃபைல்ல பாட்டியை எந்தக் கொம்பனாலயும் மீட்க முடியாது, கூட்டிக் கழிச்சு முடிஞ்ச கணக்கு அது. நல்லவேளை, கார்டுல ஸ்டீரியோ ஒரிஜினல் அப்படியே இருந்துச்சு. ஸ்டீரியோவைப் பிரிச்சு, ஒரு தடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து 'இன்வர்ட்' ஒரு கிளிக். அப்புறம் மோனோ ஆக்கினா, பாட்டி நடு ஸ்பீக்கர்ல கணீர்னு வந்து உக்காந்தாங்க. இருமல், நடுவுல கோழி கத்தினது, எல்லாம் சேத்து.

உங்க வீட்லயும் ஹெட்போன்ல வித்தியாசமா கேக்குற பழைய ஃபைல் இருந்தா, மோனோவா மாத்துறதுக்கு முன்னாடி ஒரு நகல் எடுத்து வெச்சுட்டு இதைப் பண்ணிப் பாருங்க.

டிஸ்கி: கறுப்பு வளையம் மூணு இருந்தா அது செல்போன் மைக். அதுல குரல் வர்றது அடியில இருக்கிற உறையில. சாதா ரெக்கார்டர் அந்த இடத்துல எர்த்தை எதிர்பார்க்கும். அதனால ஒரு காதுல என்ன, ரெண்டு காதுலயும் வராது. அதுக்குன்னே விரல் நீளத்துல ஒரு மாற்றுக் கேபிள் இருக்கு. பழைய சில செல்போன்கள்ல எர்த்தும் மைக்கும் இடம் மாறி இருக்கும், வாங்கும்போது மைக்கைக் கையோட கொண்டுபோய்ச் செருகிப் பார்த்து வாங்குங்க.