இடிந்த நகரின் தோம்பு

வாஸ்கோட காமா 1497-ஆம் ஆண்டில் இந்தியாவை நாடிக் கப்பலேறிய துறைமுகம் எது என்று வினவினால், லிஸ்பன் என்று உடனே விடை பகர்வீர்கள். போர்ச்சுகல் நாட்டின் தலைநகராகிய அந்த லிஸ்பன், 1755-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் காலையில் பெரும் பூகம்பத்தால் நிலைகுலைந்து வீழ்ந்தது. அவ்வீழ்ச்சியைப் பற்றி எழுதியோர் பலர். வீழ்ந்தவற்றை எவர், எவ்வாறு கணக்கெடுத்தனர் என்பதைச் சொல்வோர் மிகச் சிலரே. அதனையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அன்று சகல புனிதர் திருநாள். கோயில்களில் மக்கள் நிறைந்திருந்த வேளையில், ஒன்பதரை மணிக்குப் பின்னர் நிலம் நடுங்கிற்று. சிறிது நேரத்தில் டேகஸ் ஆற்று முகத்தின் வழியே கடல் பொங்கி ஏறிற்று. பலிபீடத்து மெழுகுவத்திகளும் வீட்டு அடுப்புகளும் மூட்டிய நெருப்பு ஐந்தாறு நாட்கள் அணையாமல் எரிந்தது. மாண்டவர் பல்லாயிரவர், சரியான தொகையில் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் ஒற்றுமை இல்லை. ஆற்றங்கரை அரண்மனையும் அதிலிருந்த நூலகமும் சாம்பலாயின.

நிலம் ஆடியபோது சுவர் விழுந்தது; நெருப்பு வந்தபோது சுவருக்கு உரியவரின் பத்திரமும் எரிந்தது. ஒரு தச்சர் தம் தெருவுக்குத் திரும்பி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தெருவும் இல்லை, வீடும் இல்லை. ஆளுயரத்துக்கு மேல் கல்லும் மண்ணுமாய்க் குவிந்து கிடக்கின்றன. தம் மனை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதை அவர் எதைக் கொண்டு மெய்ப்பிப்பார்? பக்கத்து மனைக்காரர் செல்வாக்குள்ளவராயின் அவர் சொல்லே எல்லைக் கல்லாகிவிடும் அன்றோ?

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சற்று நிற்போம். யாழ்ப்பாணத்துப் பழைய நிலப் பதிவேடுகளுக்குத் ‘தோம்பு’ என்று பெயர். அச்சொல் போர்ச்சுகீசியரிடமிருந்து தமிழுக்கு வந்தது. உடைமைகளை அளந்து, உரியவர் பெயருடன் பதிந்து வைக்கும் ஏடு என்பது பொருள். லிஸ்பன் கோட்டையில் அரசாங்க ஆவணங்களைக் காத்து வந்த கோபுரத்துக்கே தோம்புக் கோபுரம் என்றுதான் பெயர். பூகம்பத்தில் அக்கோபுரமும் இடிந்து விழுந்தது.

அதன் தலைமைக் காப்பாளராக இருந்தவர் மனுவேல் ட மாயா என்னும் முதியவர். வயது எழுபத்தெட்டு. இடிபாடுகளுக்குள்ளிருந்து ஏடுகளை வெளியே எடுக்கச் செய்து, மரக் கொட்டகையில் வைத்துக் காத்தார். 1757-இல் அவை ஒரு மடத்துக்கு மாற்றப்பட்டன. இம்முதியவரே நாட்டின் தலைமைப் பொறியாளரும் ஆவார். பழைய ஏட்டைக் காப்பதும் புதிய நகரை வகுப்பதும் ஒரே மனிதரின் பொறுப்பாக அமைந்தது அந்நகரின் நற்பேறு என்றே நான் கருதுகிறேன்.

நவம்பர் 29-ஆம் நாள், அதாவது பேரிடர் நேர்ந்து ஒரு மாதங்கூட நிறையாத நிலையில், அரசர் முதலாம் ஜோசே பெயரால் ஒரு கட்டளை பிறந்தது. நகரின் பேட்டை ஒவ்வொன்றிலும் நீதிபதிகளின் பொறுப்பில் தெருக்களையும் சதுக்கங்களையும் பொதுக் கட்டடங்களையும் தனியார் வீடுகளையும் அளக்க வேண்டும். எந்த மனை எவருடையது, முகப்பு எவ்வளவு, உள்நீளம் எவ்வளவு என்று எழுத வேண்டும் என்பது அதன் சாரம். இந்த வேலைக்கு நீதிபதிகள் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அளவுகோல் பிடிப்பவர் நீளத்தைச் சொல்வார். இரு அயலார் ஒரே மூலைக்கு வழக்காடும்போது சாட்சி கேட்டுத் தீர்ப்பதற்கு நீதி அறிந்தவர் வேண்டும்.

டிசம்பர் இறுதியில் மற்றோர் ஆணை வந்தது. அளவை முடியும்வரை எவரும் புதிதாகக் கட்டக்கூடாது. மீறிக் கட்டினால் இடிக்கப்படும். குளிர்காலத்தில் கூடாரத்தில் கிடந்தவர்களுக்கு இது கடுமையான கட்டளைதான். ஆயினும் கல்லும் மண்ணும் இடம் மாறிய பிறகு எல்லையைக் காண்பது எவராலும் இயலாது.

இதற்கிடையில் மாயா தம் கருத்துகளை 1755 டிசம்பருக்கும் 1756 மார்ச்சுக்கும் இடையே மூன்று பகுதிகளாக எழுதி அளித்தார். பழையபடியே கட்டலாமா, தெருக்களை மட்டும் அகலமாக்கலாமா, தாழ்ந்த பகுதியை முற்றிலும் சமன்செய்து புதிதாய் வகுக்கலாமா, அல்லது நகரையே பெலேம் பக்கம் பெயர்த்துவிடலாமா என்று பல வழிகளை ஆராய்ந்தார். முற்றிலும் புதிதாய் வகுப்பது என்று முடிவாயிற்று. நேரான தெருக்கள் பழைய மனைகளை வெட்டிச் செல்லும்போது இழந்தவருக்கு ஈடு தரவேண்டுமே! 1758 மே 12-ஆம் நாள் சட்டம் அதற்கு விதி செய்தது. உரியவர்களுக்குப் புதிய மனை வகுக்கவும் மதிப்பை ஈடுகட்டவும் ஏற்கெனவே எடுத்த அளவைகள்தாம் ஆதாரமாயின.

ஒரு குறையைச் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. உடைமை உள்ளவருக்கே தோம்பில் இடம் உண்டு. வாடகைக்கு இருந்தவர், வேலைக்காரர், தெருவோரத்தில் கடை விரித்தவர் ஆகியோர் இழந்தவற்றுக்கு முகப்பும் இல்லை, உள்நீளமும் இல்லை. வாடகையை உயர்த்தலாகாது என்று அரசு தடுத்தது. அவர்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய அவ்வளவே.

தலைநகர் நிற்க, நாட்டின் ஏனைய ஊர்களின் சேதத்தை அறிவது எப்படி? அமைச்சர் கார்வாலியோ, பிற்காலத்தில் பொம்பல் பிரபு என்று பெயர் பெற்றவர், இதற்கு ஒரு வழி கண்டார். 1756-இன் தொடக்கத்தில் மேற்றிராணிமார் வழியாகப் பங்குக் குருமார் அனைவருக்கும் பதின்மூன்று வினாக்கள் அனுப்பப்பட்டன. எந்த நேரத்தில் நடுக்கம் தொடங்கிற்று, எவ்வளவு நேரம் நீடித்தது? ஒரு திசையில் வீடுகள் மிகுதியாக விழுந்தனவா? பங்கில் பாழான வீடுகள் எத்தனை? பெயர் பெற்ற கட்டடங்களின் நிலை என்ன? மாண்டவர் எத்தனை பேர்? கடல் முதலில் ஏறிற்றா, இறங்கிற்றா, எத்தனை சாண் உயர்ந்தது? நிலம் பிளந்ததா? அதிகாரிகள் என்ன செய்தனர்? உணவுக்குத் தட்டுப்பாடு உண்டா?

பொம்பல் பிரபுவின் பிற்காலக் கொடுமைகளை நான் அறியாதவன் அல்லேன். 1759-இல் தாவோரா குடும்பத்தார் கொல்லப்பட்ட விதத்தைப் படித்தால் நெஞ்சு பதறும். ஆனால் இவ்வினாத்தாளை, ஆயுள் முழுதும் வினாத்தாள் தயாரித்த நான் வியக்காமல் இருக்க முடியாது. பூகம்பம் தெய்வ தண்டனை என்று பலர் பிரசங்கித்த காலம் அது. ‘ஏன் நேர்ந்தது’ என்ற கேள்வி இதில் ஓரிடத்திலும் இல்லை. கண்டதை மட்டும் எழுதுமாறு கேட்கப்பட்டது.

இதில் அண்டை நாடு முந்திக்கொண்டது என்பதையும் சொல்லவேண்டும். ஸ்பெயின் அரசர் ஆறாம் பெர்டினாண்டு, நிலம் நடுங்கிய ஒரு வாரத்திலேயே, நவம்பர் 8-ஆம் நாள், தம் நாட்டு ஊர்களிலிருந்து இத்தகைய விவரங்களைக் கேட்கச் செய்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்கள் மறுமொழி அனுப்பின. கடிகாரம் இல்லாத ஊரில் ஒரு செபம் சொல்லி முடிக்கும் நேரம் நில நடுக்கம் நீடித்தது என்று எழுதியவர்களும் உண்டு. புகழ் முழுவதையும் பொம்பலுக்கே தருவது நம் நூல்களில் வழக்கமாகிவிட்டது.

1758-இல் போர்ச்சுகல் குருமாருக்கு மீண்டும் ஒரு வினாத்தாள் சென்றது. ஊரின் விளைச்சல், மலை, ஆறு என நீண்ட பட்டியல் அது. அதனிடையே ஒரு வினா: 1755 பூகம்பத்தில் உங்கள் ஊர் சேதமுற்றதா, எவ்வாறு, இப்போது பழுது பார்க்கப்பட்டுவிட்டதா? முதல் தாள் விழுந்ததைக் கேட்டது. இரண்டாம் தாள் எழுந்ததைக் கேட்டது. சேதத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்து பார்ப்பது எந்நாட்டிலும் அரிது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெரெய்ரா ட சூசா என்னும் நிலவியல் அறிஞர் குருமாரின் மறுமொழிகளை மாவட்டம் மாவட்டமாகத் தொகுத்து, நடுக்கம் எங்கெங்கே எவ்வளவு வன்மையாய் இருந்தது என்று ஆராய்ந்து நூல்கள் வெளியிட்டார். கடலடியில் அப்பூகம்பம் எவ்விடத்தில் தோன்றியது என்பது இன்னும் முடிவாகவில்லை; அதை ஆராய்வோர் இன்றும் அத்தாள்களைத் தேடிச் செல்கின்றனர். 1990-இல் தோம்புக் கோபுரத்தின் ஏடுகள் லிஸ்பன் பல்கலைக்கழக வளாகத்தில் எழுந்த புதிய கட்டடத்துக்குக் குடிபுகுந்தன. கோபுரம் இல்லாத அக்கட்டடத்துக்கும் அதே பெயர்தான்.