திரித்துவக் கல்லூரி, கண்டி

திரித்துவக் கல்லூரி என்பது இலங்கையின் கண்டி நகரிலுள்ள அங்கிலிக்கன் ஆண்கள் பாடசாலை. சர்ச் மிஷனரி சங்கம் 1872இல் நிறுவியது.

கல்வியும் சேவையும்: அதிபர் ஏ. ஜி. பிரேசர் (1904–1924) சிங்களம், தமிழ் மொழிக் கல்விக்கு இடமளித்தார். மாணவரை நகர ஏழைகளிடையே சமூகப் பணியில் ஈடுபடுத்தினார்.

சிற்றாலயம்: கண்டிய மரபில், செதுக்கிய கருங்கல் தூண்கள் தாங்கும் திறந்த மண்டபம். இயேசு சீடர்களின் பாதம் கழுவுதல், நல்ல சமாரியன் ஆகிய சுவரோவியங்களை டேவிட் பெயின்டர் தீட்டினார்.

முக்கியத்துவம்: பழைய மாணவர் லக்ஷ்மன் கதிர்காமர் (1932–2005) இலங்கை வெளிநாட்டமைச்சராக இருமுறை பணியாற்றினார்.