பொடிப் புள்ளிகள்

1913-ம் வருஷம். பெர்லினில் ஆல்பர்ட் சாலமன் என்றொரு அறுவை மருத்துவர். ஆபரேஷனில் அகற்றப்பட்ட சுமார் 3,000 மார்பகங்களை எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தார். சிலவற்றில் மணல் தூவினாற்போலப் பொடிப் புள்ளிகள். கால்சியத் துகள்கள்! சில சமயம், புற்றுநோய் விட்டுவைக்கும் தடயம். இன்றைய மேமோகிராமின் தாத்தா அந்தப் படங்கள்தான். சாலமன் யூதர். ஹிட்லர் வந்ததும் வேலை போயிற்று. வதைமுகாம் வரை போய், ஹாலந்துக்குத் தப்பினார்.

படம் சரி, யார் பார்ப்பது? நூறு படம் பார்த்த கண்ணுக்கு நூற்றியோராவது படம் மங்கலாகத்தானே தெரியும்! 1967-லேயே வின்ஸ்பெர்க் என்ற அமெரிக்க மருத்துவர் குழு, கம்ப்யூட்டரை விட்டுப் படத்தைத் துழாவிப் பார்த்தது. 1998-ல் 'இமேஜ்செக்கர்' என்ற கருவிக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. சந்தேகமான இடத்தில் அடையாளம் போடும்; முடிவு டாக்டருடையது.

அமர்க்களமாக விற்றது. 2007-ல் குட்டு உடைந்தது. 43 மையங்களை ஆராய்ந்ததில், கருவி வந்தபின் பயாப்ஸி கிட்டத்தட்ட 20 சதவிகிதம் கூடியிருந்தது. கண்டுபிடித்த புற்றுநோயோ குறிப்பிடும்படி கூடவில்லை. மிச்சம், பெண்களுக்கு வீண் பீதி.

காரணம், அந்தக் கம்ப்யூட்டருக்கு விதிகளை மனிதர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். புது மென்பொருள்கள் லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துத் தாமே கற்கின்றன. 2023-ல் ஸ்வீடனில் 80,000 பெண்களிடம் சோதித்தார்கள். கண்டுபிடிப்பு குறையவில்லை, டாக்டர்களின் படம் பார்க்கும் வேலை 44 சதவிகிதம் குறைந்தது.

சரி, நம்மூர்? ஓசூரிலிருந்து ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டினால் பெங்களூரு. அங்கே 2016-ல் கீதா மஞ்சுநாத் என்ற கம்ப்யூட்டர் விஞ்ஞானி 'நிரமை' நிறுவனத்தைத் தொடங்கினார். உறவுக்காரப் பெண்கள் இருவருக்கு வந்த மார்பகப் புற்றுநோய்தான் தூண்டுதல். கட்டி இருக்கும் இடம் கொஞ்சம் சூடாக இருக்கும் அல்லவா? கேமரா தொடாமலே அந்தச் சூட்டைப் படமெடுக்க, மென்பொருள் அலசுகிறது. கையில் தூக்கிப் போகலாம் என்பது வசதி. ஆனால் வெப்பப் படம் மேமோகிராமுக்கு மாற்று அல்ல என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருப்பதையும் மறக்கக் கூடாது.

ஓசூர் தொழிற்சாலைகளில் மயிரிழைக் கீறலைக்கூட விடாமல் பிடிக்கிற பெண்கள் உண்டு. தன் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் மட்டும், "வலிக்கலையே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள். ஷிஃப்ட், சம்பளப் பிடித்தம், கூச்சம். வலிக்காத கட்டிதான் பெரும்பாலும் ஏமாற்றும். 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது இதே மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். மருந்து வாசல் வரை வந்துவிட்டது. இந்தப் பரிசோதனையும் ஃபாக்டரி வாசல் வரை வரவேண்டும். கம்ப்யூட்டர் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பார்த்தாலும், வராதவளை அதனால் பார்க்க முடியாது.